கிண்டிலுக்கு எவ்வளவு, மின்னூலுக்கு எவ்வளவு: கணக்கை எப்படிப் போடுவது?

கேட்டிருப்பவர் கோவையில் வேலை பார்ப்பவர். ஒரு வருடமாகப் போனில் கிண்டில் செயலியை வைத்துப் படிக்கிறார். மாதம் சுமார் 400 ரூபாய்க்கு மின்னூல் வாங்குகிறார். இப்போது 16,999 ரூபாய் கொடுத்து, மின்னூல் படிப்பதற்கென்றே அமேசான் விற்கும் கிண்டில் கருவிகளில் ஒன்றான பேப்பர்ஒயிட் வாங்கலாமா என்று யோசனை. வீட்டிலோ, "அந்தக் காசுக்குப் புத்தகமாகவே வாங்கிவிடலாமே" என்கிறார்கள். படிக்கிறவர்களின் பணம் கருவிக்கு அதிகம் போகிறதா, நூலுக்கு அதிகம் போகிறதா, இரண்டையும் எப்படி ஒப்பிடுவது என்று கேட்கிறார்.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். கருவி வாங்குவதால் மின்னூலின் விலை ஒரு பைசாகூடக் குறையாது. போனில் 150 ரூபாய்க்கு வாங்கும் நூல் கிண்டிலிலும் 150 ரூபாய்தான். ஏற்கெனவே போனில் மின்னூல் படிக்கிறவருக்குக் கருவி என்பது முழுக்க முழுக்கக் கூடுதல் செலவு. "கிண்டில் வாங்கினால் மிச்சம்" என்று சொல்கிறவர்கள் அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். உங்கள் விஷயத்தில் அந்த ஒப்பீடு பொருந்தாது. நீங்கள் கொடுக்கப்போகும் 16,999 ரூபாய், கண் வலிக்காமல் படிப்பதற்கும், நடுவில் வாட்ஸப் குறுக்கிடாமல் இருப்பதற்கும், எடுத்த நூலை முடிப்பதற்கும் கொடுக்கும் விலை. அந்த மூன்றும் உங்களுக்குக் கிடைக்குமா என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். கருவி ஐந்து வருடம் உழைக்கும் என்று வையுங்கள். 16,999 ரூபாயை 60 மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 283 ரூபாய். நூலுக்கு 400. ஆக மாதம் 683 ரூபாய் வாசிப்புச் செலவு. ஆண்டுக்கு என்றால் நூலுக்கு 4,800, கருவிக்கு 3,400. ஒரே நாளில் கையை விட்டுப் போவதால் கருவி பெரிய செலவாகத் தெரிகிறது. ஐந்து வருடத்தில் நூலுக்கு 24,000 ரூபாய் போயிருக்கும். தொடர்ந்து இந்த அளவுக்கு வாங்கிப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் கடைசியில் நூல் பக்கம்தான் கனமாக இருக்கும். கருவியை வாங்கி இரண்டு மாதம் ஆசையாகப் படித்துவிட்டு அலமாரியில் வைத்துவிடுகிறவருக்கு மட்டும் கருவிச் செலவு மேலே நிற்கும்.

ஆனால் இந்த இரண்டு தொகைகளை மட்டும் ஒப்பிட்டுப் பயனில்லை. படித்து முடித்த நூல் ஒன்றுக்கு எவ்வளவு ஆகிறது என்று வகுத்துப் பாருங்கள். மாதம் 400 ரூபாய்க்கு மூன்று நூல் வாங்கி ஒன்றை முடிக்கிறீர்கள் என்றால், முடித்த நூல் ஒன்றுக்கு 400 ரூபாய் ஆகிறது. விலைப்பட்டியலில் போட்டிருப்பது 130 ரூபாயாக இருக்கலாம், உங்கள் வாசிப்புக்கு அது 400. கருவி வாங்கியும் அதே ஒன்றுதான் முடிக்கிறீர்கள் என்றால் 683 ஆகிவிடும். கருவி வந்ததால் மாதம் இரண்டு முடிக்கிறீர்கள் என்றால் 342. மூன்றையும் முடித்தால் 228. கருவி தன் விலையைத் திருப்பிக் கொடுப்பது இந்த ஒரு வழியில்தான்: நீங்கள் முடிக்கும் நூல்களின் எண்ணிக்கை கூட வேண்டும்.

இதைப் பார்க்க அமேசானில் உங்கள் ஆர்டர் பக்கத்துக்குப் போய் டிஜிட்டல் ஆர்டர்களைத் திறங்கள். ஒரு வருடத்தில் வாங்கிய மின்னூல் எல்லாம் தேதியோடு, விலையோடு வரிசையாக நிற்கும். ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு நூலின் பெயர், விலை, எத்தனை சதவீதம் படித்தீர்கள் என்று எழுதுங்கள். செயலியே சதவீதத்தைக் காட்டும். இதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் கண்டுபிடிப்பது ஒன்றுதான்: 49 ரூபாய், 29 ரூபாய் என்று சலுகை நாளில் வாங்கிப்போட்ட நூல்கள் நான்கு சதவீதத்திலும் ஏழு சதவீதத்திலும் நிற்கும். தேடிப்போய் முழு விலை கொடுத்து வாங்கியவை நூறைத் தொட்டிருக்கும். மலிவாக வாங்கிய நூல்தான் விலை கூடிய நூலாக முடிகிறது. இந்தக் கசிவை அடைக்கக் காசு கொடுக்க வேண்டியதில்லை. நூலின் தொடக்கப் பக்கங்களைப் படித்துப் பார்க்கத் தரும் சேம்பிள் இலவசம். சேம்பிளை முடித்த பிறகுதான் வாங்குவது என்று வைத்துக்கொண்டாலே உங்கள் 400 ரூபாயில் கணிசமானது மிஞ்சும்.

வீட்டில் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? அச்சு நூலோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 350 ரூபாய் விலையுள்ள ஒரு தமிழ் நாவல் மின்னூலாக 200 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று கொள்வோம். வித்தியாசம் 150. இந்தக் கணக்கில் 16,999 ரூபாய் கருவியின் விலையை எடுக்க 113 நூல் வாங்க வேண்டும். அதிலும் தமிழ் வாசகர்கள் பலர் புத்தகக் காட்சி வரும்வரை காத்திருந்து வாங்குகிறவர்கள். சென்னைப் புத்தகக் காட்சியில் 10 சதவீதம் கழிவு வழக்கமாக உண்டு. 350 ரூபாய் நூல் 315 ஆகிவிடும், வித்தியாசம் 115 ஆகச் சுருங்கும். அப்போது 148 நூல். மாதம் இரண்டு படிக்கிறவருக்கு ஆறு வருடத்துக்கு மேல். அதற்குள் கருவியே மாற்றும் நிலைக்கு வந்துவிடலாம். ஆக, புதிதாக வெளிவரும் தமிழ் நூல்களை மட்டும் படிக்கிறவருக்குப் பணம் மிச்சம் என்ற காரணம் வலுவானது அல்ல. வீட்டில் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அச்சு நூலை வீட்டில் நான்கு பேர் படிப்பார்கள், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், திருவல்லிக்கேணி பழைய புத்தகக் கடையில் போட்டால் ஏதோ காசும் வரும். மின்னூலில் பின்னிரண்டும் இல்லை, முதலாவதும் இவ்வளவு சுலபமில்லை.

வரியிலும் அச்சு நூலுக்கே சாதகம். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. மின்னூலுக்கு முதலில் 18 சதவீதம் இருந்தது. 2018 ஜூலையில், அச்சுப் பதிப்பும் உள்ள மின்னூலுக்கு மட்டும் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். அச்சில் வராமல் நேராக மின்னூலாக மட்டும் வருபவை இந்தச் சலுகைக்கு வெளியே நின்றுவிட்டன. சொந்தமாகப் பதிப்பிக்கும் புதிய எழுத்தாளர்கள் பலர் இருப்பது அந்தப் பக்கத்தில்தான். ஒரே கதை காகிதத்தில் வந்தால் வரி இல்லை, திரையில் வந்தால் உண்டு என்பது எனக்கு இன்றுவரை நியாயமாகப் படவில்லை.

கருவிக்கும் நூலுக்குமான இந்த விகிதம் தானாக அமைந்ததல்ல. விற்கிறவர்கள் யோசித்து அமைத்தது. 2007 நவம்பரில் அமெரிக்காவில் முதல் கிண்டில் வந்தபோது விலை 399 டாலர். புதிதாக வந்து பரபரப்பாக விற்கும் நூல்களை 9.99 டாலருக்குக் கொடுத்தார்கள். கருவியின் விலைக்கு 40 நூல். 2011இல் விளம்பரம் காட்டும் சாதா கிண்டிலை 79 டாலருக்கு இறக்கிவிட்டார்கள். இடையில் 2010இல் ஆப்பிளும் பெரிய பதிப்பகங்களும் சேர்ந்து விலையைப் பதிப்பகமே நிர்ணயிக்கும் முறையைக் கொண்டுவந்ததில் புதிய நூல்கள் 12.99, 14.99 என்று ஏறிவிட்டன. நான்கே வருடத்தில் கருவியின் விலை ஐந்தாறு நூல் விலைக்கு வந்துவிட்டது. அந்த விலை முறைக்காக ஆப்பிள் மீது அமெரிக்க அரசும் மாநிலங்களும் வழக்குப் போட்டு, கடைசியில் 45 கோடி டாலர் கட்ட வேண்டி வந்தது வேறு கதை. 2012இல் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெஸோஸ் பிபிசியிடம் வெளிப்படையாகவே சொன்னார்: கருவியை அடக்க விலைக்குத்தான் விற்கிறோம், மக்கள் அதைப் பயன்படுத்தும்போதுதான் எங்களுக்குப் பணம் என்று. கருவி விற்கிறவரே லாபம் நூலில் இருக்கிறது என்கிறார். செலவும் அங்கேதான் இருக்கும் என்று வாங்குகிறவர் புரிந்துகொள்ளலாம்.

இந்தியாவில் பிறகு நடந்தது நேர் எதிர். கருவி விலை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. 2022இல் வந்த சாதா கிண்டில் 9,999 ரூபாய். 2025 ஏப்ரலில் வந்த புதிய பேப்பர்ஒயிட் 16,999. தமிழ் மின்னூல் விலையோ பெரும்பாலும் ஆங்கில நூல்களைவிடக் குறைவு. அதனால் தமிழ் மட்டும் படிக்கிறவருக்குக் கருவியின் பாரம் ஆங்கிலம் படிக்கிறவரைவிடக் கூடுதல். 600, 700 ரூபாய் விலையுள்ள ஆங்கில நூல்களை நிறையப் படிக்கிறவருக்கு என் கணக்கு வேறு மாதிரி வரும், கருவி சீக்கிரமே விலையை எடுத்துவிடும். வெளிநாட்டில் இருக்கும் தமிழருக்கு இன்னும் சுலபம். டொராண்டோவுக்கோ லண்டனுக்கோ ஒரு பார்சல் அச்சு நூல் வரவழைக்கும் தபால் செலவை வைத்துப் பார்த்தால் அங்கே இந்தக் கேள்வியே எழாது.

சந்தாவையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். மாதச் சந்தா கட்டி நூல்களை எடுத்துப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் திட்டம் இந்தியாவுக்கு வந்தது 2015இல். சில வருடங்களாக மாதம் 169 ரூபாய் என்று இருக்கிறது. ஆண்டுக்கு 2,028. ஐந்து ஆண்டுக்கு 10,140, அதாவது ஒரு சாதா கிண்டிலின் விலை. ஒரே நேரத்தில் 20 நூல் வரை எடுத்து வைத்துக்கொள்ளலாம், சந்தாவை நிறுத்தினால் எல்லாம் போய்விடும். தமிழில் தொடர்கதை, குடும்ப நாவல், துப்பறியும் கதை என்று வாரம் இரண்டு மூன்று முடிக்கிறவருக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. அவர்களுக்கு நான் தயங்காமல் சந்தாவைச் சொல்வேன். எழுத்தாளருக்கு வாசகர் புரட்டிய பக்கக் கணக்குப்படி பணம் போகிறது என்பதால், நீங்கள் முழுக்கப் படித்தால் அவருக்கும் நல்லது. ஆனால் மாதம் ஒன்று, அதுவும் குறிப்பிட்ட பதிப்பகத்தின் குறிப்பிட்ட நூல் என்று படிக்கிறவர் சந்தா கட்டக் கூடாது. அவர் தேடும் நூல் பெரும்பாலும் அதற்குள் இருக்காது.

இனி, தமிழ் வாசகர் கணக்கையே மாற்றிவிடும் விஷயத்துக்கு வருகிறேன்: இலவச நூல்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களை யாரும் வெளியிடலாம் என்பதால் அவையும் தாராளமாகக் கிடைக்கின்றன. கல்கியின் ஐந்து பாக நாவலுக்குக் காசு கொடுக்க வேண்டியதே இல்லை. 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இன்றைய எழுத்தாளர்கள் யாரும் இலவசமாகப் பகிரலாம் என்ற படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் கொடுத்த நூல்கள் இருக்கின்றன. அங்கே ஒரே நூலை, எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடங்கி வரும் இபப் (EPUB) கோப்பாகவும், ஏ4 பிடிஎஃப் ஆகவும், ஆறு அங்குலத் திரைக்கென்றே வடிவமைத்த பிடிஎஃப் ஆகவும் தருகிறார்கள். வாசகரின் கையில் என்ன கருவி இருக்கும் என்று யோசித்துச் செய்த வேலை அது. 2022 முதல் இபப் கோப்பை, கருவிக்குக் கோப்பு அனுப்பும் அமேசானின் 'செண்ட் டு கிண்டில்' வசதி வழியாக நேராக அனுப்பிவிடலாம், முன்பு போல மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு 20 நூல் படிப்பவர் அதில் 12ஐ இங்கிருந்து எடுத்தால் நூல் செலவு பாதிக்குக் கீழே வந்துவிடும். அப்போதுதான் கருவியின் விலை அச்சு நூலோடு ஒப்பிட்டாலும் மூன்று நான்கு வருடத்தில் ஈடாகும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இலங்கையின் நூலகம் திட்டம் போன்றவை பழைய நூல்களின் பெரும் புதையல். ஆனால் அவற்றில் பெரும்பகுதி பக்கத்தைப் படம் பிடித்த பிடிஎஃப். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடங்கி வராது. டெம்மி 1/8 அளவு நூலின் பக்கம் 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். ஆறு அங்குலக் கிண்டிலின் திரை 9க்கு 12. பக்கம் முழுவதும் தெரிய வேண்டுமென்றால் பாதிக்குச் சற்று மேலே சுருங்கும். 11 பாயிண்ட் அளவு எழுத்து 6 பாயிண்ட் ஆகிவிடும். ணகரமும் னகரமும் ஒன்றாகத் தெரியும், மெய்யெழுத்தின் மேல் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று கண்ணை இடுக்க வேண்டியிருக்கும். கருவியைப் படுக்கை வாட்டில் திருப்பினால் அகலம் 12 செ.மீ. கிடைக்கும், எழுத்து ஒன்பது பாயிண்டுக்கு மேல் வந்துவிடும், அரைப் பக்கம் அரைப் பக்கமாகப் படிக்கலாம். கோப்பை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கேலிபர் போன்ற இலவச மென்பொருள்கள் எழுத்துக் கோப்புக்கு உதவும், படக் கோப்புக்குப் பெரிதாக உதவாது. ஆய்வு மாணவர், பழைய இதழ்களைத் தேடிப் படிக்கிறவர், உரைநூல் படிக்கிறவர் எல்லாம் ஆறு அங்குலக் கருவி வாங்கினால் அந்தப் பணம் அவர்களுக்கு உதவாது. ஏற்கெனவே இருக்கும் பத்து அங்குல டேப்லெட்டே அவர்களுக்குச் சரி.

பணக் கணக்கில் அடங்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். என் சித்தப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கண்ணில் புரை எடுத்த பிறகு அச்சு நூலை விட்டுவிட்டிருந்தார். இப்போது கிண்டிலில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொள்கிறார், ஒரு திரைக்கு ஏழெட்டு வரிதான் வரும். ஈஸிசேரில் சாய்ந்து, இடது கையில் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் ஓரத்தைத் தட்டித் தட்டிப் போய்க்கொண்டே இருப்பார். அந்தச் சின்ன சத்தம்கூட வராத பக்கம் புரட்டலில் ஒரு மதியத்தில் ஒரு குறுநாவலை முடித்துவிடுகிறார். அவருக்கு அந்தக் கருவியின் விலை என்ன என்று வகுத்துப் பார்க்கவே எனக்குத் தோன்றியதில்லை. பெரிய எழுத்தில் அச்சான தமிழ் நூல் கடைகளில் எத்தனை கிடைக்கும்? வீட்டில் ஐம்பத்தைந்து, அறுபதைத் தாண்டிய வாசகர் இருந்தால் மேலே சொன்ன கணக்கையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு வாங்கிக் கொடுக்கலாம்.

அப்புறம், வாங்கிய மின்னூல் எவ்வளவு தூரம் நம்முடையது என்பதும் செலவோடு சேர்ந்த கேள்விதான். 2009இல் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நூல்களை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று சொல்லி, வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் அழித்தது. பணம் திரும்பக் கிடைத்தது, ஆனால் நூல் போயிற்று. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோதும் அப்படியே. சீனாவில் கிண்டில் கடை 2023 ஜூனில் மூடப்பட்டது, வாங்கிய நூல்களை இறக்கிக்கொள்ள ஒரு வருட அவகாசம் கொடுத்தார்கள். 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் அமேசான் எடுத்துவிட்டது. இதற்காக மின்னூலே வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு முறை படித்துவிட்டு நகரும் நூலை மின்னூலாக வாங்குங்கள். திரும்பத் திரும்ப எடுக்கும் நூலை, பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைக்கும் நூலை அச்சில் வாங்குங்கள். பழந்தமிழ் நூலுக்கு நல்ல உரைப் பதிப்பு, அகராதி இதெல்லாம் அச்சில்தான் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து.

கருவியின் ஆயுள் பற்றிச் சுருக்கமாக. பேட்டரியைவிடத் திரைதான் முதலில் போகும். காகிதம் போலத் தெரியும் கிண்டிலின் இ-இங்க் திரைக்கு அடியில் மெல்லிய கண்ணாடித் தகடு இருக்கிறது. பஸ் நெரிசலில் பையில் அழுந்தினாலே விரிசல் விடும், வெளியே கீறல்கூடத் தெரியாது, ஆனால் பாதித் திரையில் கோடுகள் நின்றுவிடும். திரை மாற்றும் செலவு புதுக் கருவியின் விலையை நெருங்கிவிடும். அதனால் உறையின் விலையையும் கருவியின் விலையோடு சேர்த்தே எண்ணுங்கள். பழையது வாங்குவதாக இருந்தால், முந்தைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து அதை நீக்கிக் கொடுத்திருக்கிறாரா என்று கையில் வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

சரி, உங்களுக்கு என் பதில். இன்றைக்கே 16,999 கொடுக்க வேண்டாம். அடுத்து நீங்கள் படிக்க விரும்பும் பத்து நூல்களின் பெயரை எழுதி, ஒவ்வொன்றும் மின்னூலாக இருக்கிறதா என்று தேடுங்கள். காலச்சுவடு, கிழக்கு போன்ற பதிப்பகங்களின் நூல்கள் நிறையக் கிடைக்கும், சில பதிப்பகங்கள் இந்தப் பக்கமே வரவில்லை. பத்தில் ஆறுக்குக் கீழே வந்தால் கருவியை மறந்துவிட்டுப் புத்தகமாக வாங்குங்கள், வீட்டிலும் சந்தோஷப்படுவார்கள். ஆறுக்கு மேல் வந்தால் மூன்று மாதம் போனிலேயே, சேம்பிள் முடிக்காமல் வாங்குவதில்லை என்ற கட்டுப்பாட்டோடு படியுங்கள். அதில் மாதம் 150, 200 மிஞ்சும். மூன்று மாத முடிவில் மாதத்துக்கு ஒன்றரை நூலாவது முடித்திருந்து, கண் வலியும் குறுக்கீடும் மட்டுமே தடையாக இருந்தால் கருவி வாங்குங்கள். அப்போதும் சலுகை விலையில் சாதா கிண்டில் கிடைத்தால் அதுவே போதும். பெரும்பாலும் தமிழ்க் கதை, கட்டுரை படிப்பவருக்கு அதற்கும் பேப்பர்ஒயிட்டுக்கும் உள்ள 7,000 ரூபாய் வித்தியாசத்தில், புத்தகக் காட்சியில் 20 நாவலுக்கு மேல் அள்ளிக்கொண்டு வரலாம்.